நாற்றம் எங்கிருந்து வருகிறது? வாசகர் கேள்வி பதில்

மழை தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களும் மாறிவிடுகின்றன. துணியில் வாடை, அலமாரியில் வாடை, சமையலறையில் வாடை. கடையில் வாங்கும் ஸ்பிரேயும் கண்டிஷனரும் தலைவலி தருகின்றன, வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். கோட்டாற்றில் மாமனார் காலத்து நாட்டு மருந்துக் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரியில் படித்தது வேதியியல். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு நீங்கள் என் கடைக்கே வர வேண்டாம். எலுமிச்சை, ஆப்ப சோடா, சிரட்டைக் கரி, வெயில், இவ்வளவும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

அக்கா, எங்கள் வீட்டில் தினமும் மீன்தான். சாளை கழுவினால் கை, பலகை, தொட்டி எல்லாம் ராத்திரி வரை மணக்கும். மகள் ரோஜா மண ஸ்பிரே வாங்கி வந்து அடிக்கிறாள். இரண்டும் சேர்ந்து தலையைச் சுற்றுகிறது. வேறு வழி உண்டா?
– வாசகி, குளச்சல்

உண்டு, அதுவும் உங்கள் அம்மாவுக்கும் பாட்டிக்கும் தெரிந்த வழிதான். கடல் மீனின் உடம்பில் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமைன் ஆக மாற்றுகின்றன. கவிச்சி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது காரத்தன்மை உள்ள பொருள், அதாவது புளிப்புக்கு (அமிலத்துக்கு) நேர் எதிரானது. இதன்மேல் புளிப்பு பட்டால் உப்பாக மாறிவிடும். உப்பாகிவிட்டால் காற்றில் எழும்பாது, மூக்குக்கும் வராது, தண்ணீரில் கரைந்து போய்விடும். நாம் மீனை உப்பும் புளியும் போட்டு அலசுவதும் குழம்பில் புளியோ மாங்காயோ சேர்ப்பதும் ருசிக்காக மட்டும் இல்லை.

அதனால் கையைச் சோப்பால் கழுவுவதற்கு முன்பு, குழம்புக்குக் கரைத்து எடுத்த புளிச் சக்கையால் தேயுங்கள். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, ஒரு நிமிஷம் விட்டு, பிறகு சோப்பு போடுங்கள். மரப் பலகை என்றால் கல்லுப்பைத் தூவி, பிழிந்த எலுமிச்சை மூடியால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நிமிர்த்திச் சாய்த்துக் காயவிடுங்கள். படுக்கப் போட்டால் அடிப்பக்கம் காயாது, மறுநாள் அங்கிருந்தே வாடை கிளம்பும். எவர்சில்வர் தொட்டிக்கு வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றித் துடைத்தால் போதும். இரண்டு எச்சரிக்கைகள். தரை மொசைக்கோ மார்பிளோ என்றால் எலுமிச்சையும் வினிகரும் அங்கே படக்கூடாது. புளிப்பு அந்தக் கல்லை அரித்து மங்க வைத்துவிடும். எலுமிச்சை தேய்த்த கையை நன்றாகக் கழுவாமல் வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் கடும் வெயில் விழுந்தால் சுட்ட மாதிரிக் கொப்புளம் வரும்.

மீன் பொரிக்கும் வாடை வேறு. அது சூடான எண்ணெயின் ஆவி. திரைச்சீலை, தலையணை, தலைமுடி எல்லாவற்றிலும் போய் மெல்லிய படலமாக ஒட்டும். அதற்குப் புளிப்பு உதவாது. அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள், சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், பொரித்து முடித்த கையோடு அடுப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். குடலும் செதிலும் இரவு முழுக்க வாளியில் கிடக்கக் கூடாது. அன்றைக்கே தென்னை மூட்டில் குழி தோண்டிப் போட்டு மண்ணை மூடுங்கள்.

ஸ்பிரே இதில் எதையும் செய்வதில்லை. கவிச்சி இருந்த இடத்தில் இருக்கிறது, அதன்மேல் இன்னொரு மணம் வந்து உட்காருகிறது. அந்த டப்பாவிலிருந்து மணத்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் வாயுக்கள். நம் சமையல் எரிவாயுவில் இருக்கும் அதே சரக்கு. அடுப்பு எரியும்போதும் சாமி விளக்கு எரியும்போதும் மகள் அதை அடிக்கவே கூடாது. இதை மட்டும் இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறார். ஒட்டுப்பால் வாடை அவருடைய சட்டை, கைலி எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. எலுமிச்சை போட்டுத் துவைத்தும் போகவில்லை.
– வாசகி, குலசேகரம்

எலுமிச்சை போட்டதால்தான் போகவில்லை. மீன் வாடை காரம் என்று மேலே சொன்னேன். ரப்பர் வாடை அதற்கு நேர் எதிர். ரப்பர் பாலில் ரப்பர் மட்டும் இல்லை. புரதமும் சர்க்கரையும் உண்டு. பால் உறைந்து கிடக்கும்போது பாக்டீரியா அவற்றைத் தின்று அசெட்டிக், பியூட்டிரிக், ஐசோவலெரிக் போன்ற அமிலங்களை விடுகிறது. புளித்த மோர், கெட்ட நெய், வியர்த்த காலுறை இவற்றில் வரும் வாடைக்கும் இந்தக் கூட்டம்தான் காரணம். அமிலத்தின்மேல் இன்னொரு அமிலத்தை ஊற்றினால் என்ன நடக்கும்?

இதற்கு ஆப்ப சோடா. ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கப் சோடாவைக் கரைத்து, வேலைத் துணியை மட்டும் தனியாக அதில் முக்கி, இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வழக்கம்போல சோப்புப் போட்டுத் துவைக்கலாம். வாடை முற்றிப்போயிருந்தால் சலவைச் சோடா இன்னும் வலுவானது; ஆனால் கையை அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டு, கம்பளிப் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம். வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு ஒரே கூடையில் போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். திண்ணையில் ஒரு ஆணி அடித்து அங்கேயே காற்றாடத் தொங்கவிட்டால் பாதி வாடை துவைப்பதற்கு முன்பே குறையும்.

நாற்றம் புளிப்பா காரமா என்று தெரிந்துகொண்டால் வீட்டில் பாதி வேலை முடிந்தது. மீன், நாள்பட்ட சிறுநீர் வாடைக்குப் புளிப்பு. வியர்வை, சிந்திய பால், குழந்தை கக்கிய துணி, செருப்பு இவற்றுக்குச் சோடா.

ஜூன் பிறந்ததிலிருந்து வீட்டுக்குள்தான் துணி காய்கிறது. காய்ந்த பிறகும் ஈர வாடை. கண்டிஷனர் இரண்டு மடங்கு ஊற்றினேன். இரண்டு நாள் மணக்கிறது, உடுத்து வியர்த்தால் பழைய வாடை திரும்ப வருகிறது. துண்டு தண்ணீரை உறிஞ்சவும் மாட்டேன் என்கிறது. இயற்கையாக ஒரு கண்டிஷனர் சொல்லுங்கள்.
– வாசகி, மார்த்தாண்டம்

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. எங்கள் தோவாளைச் சொந்தக்காரர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இருக்கிறது. மார்த்தாண்டத்தில் உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வியர்த்தவுடன் வாடை திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. ஈரத் துணி வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா ஒரு முக்கியக் காரணம் என்று 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் உடம்பின் எண்ணெயும் அழுக்கும் துணியில் மிச்சம் இருந்தால் அதைத் தின்று, நாற்றமுள்ள ஓர் அமிலத்தை அது விடுகிறது. சாதாரணத் துவைப்பையும் காய்வதையும் தாங்கி இழைக்குள் உட்கார்ந்திருக்கும். மறுபடி ஈரம் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். நீங்கள் மணம் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், அது உள்ளே வாழ்ந்துகொண்டே இருக்கிறது.

கண்டிஷனர் துணியை மிருதுவாக்குவது எப்படி என்றால், கொழுப்புத் தன்மை உள்ள ஒரு படலத்தை இழையின்மேல் பூசிவிடுகிறது. உங்கள் துண்டு தண்ணீரை உறிஞ்சாததற்கு அதுதான் காரணம். அளவை இரண்டு மடங்கு ஆக்கினால் படலமும் கூடும்.

முதலில் அந்தப் பாக்டீரியாவை வெளியேற்றுங்கள். வெள்ளைப் பருத்தித் துண்டு, பனியன், படுக்கை விரிப்பு போன்ற சூடு தாங்கும் துணிகளுக்கு, கொதித்த தண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி சூடு கிடைக்கும். சோப்புத் தூளைக் கரைத்து, துணியை முக்கி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். சாயம் போகும் துணியை இதில் போடாதீர்கள். அப்புறம் துவைத்து, கடைசி அலசலில் ஒரு வாளிக்குக் கால் கப் வெள்ளை வினிகர். கிணற்றுத் தண்ணீர் கடுமையாக இருக்கும் வீடுகளில் சோப்பு முழுதாக அலசிப் போகாமல் துணியில் தங்கி விறைப்பாக்கும். வினிகர் அந்த மிச்சத்தைக் கரைத்துவிடும், துணியும் தளர்ந்து கொடுக்கும். காய்ந்ததும் வினிகர் வாடை நிற்காது. நீங்கள் கேட்ட இயற்கைக் கண்டிஷனர் இதுதான். ஆனால் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ போட்ட தண்ணீரில் வினிகர் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆபத்து. மெஷினில் துவைக்கிறவர்கள் வினிகரை எப்போதாவது போடலாம், தினமும் ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கெடும். அந்த வளையத்தின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். கறுப்பாகக் குழகுழவென்று ஒரு படலம் இருந்தால் அதுவும் வாடைக்கு ஒரு காரணம். துடைத்துவிட்டு, மெஷின் மூடியைத் திறந்தே வையுங்கள்.

அடுத்தது காயவைப்பது. வாளியில் ராத்திரி ஊறப்போட்டு காலையில் துவைப்பது, துவைத்ததைப் பிழிந்து மதியம் வரை அப்படியே விடுவது, இரண்டையும் மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள். ஈரம் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு வாடை. கொடியில் துணிக்குத் துணி நான்கு விரல் இடைவெளி, ஃபேன் காற்று பக்கவாட்டில் படும்படி, ஒரு ஜன்னல் திறந்து. தடித்த ஜீன்ஸை உள்புறம் வெளியே திருப்பிப் போட்டால் பை இருக்கும் இடமும் காயும். முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரிப் பெட்டியால் ஓட்டிவிடுங்கள். அந்தச் சூடு பாக்டீரியாவுக்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவும் செய்த பிறகு மணம் வேண்டும் என்று தோன்றினால் வெட்டிவேர். ஒரு பிடி வேரை மண் போகக் கழுவி, ஒரு லிட்டர் வெந்நீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வடிகட்டினால் வெளிர் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கிடைக்கும். இஸ்திரி போடும்போது நிறத் துணியில் தெளிக்கலாம். வெள்ளை வேட்டியில் கறை விழும். கெட்டுப்போகாமல் காக்க அதில் எதுவும் கலக்காததால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். வடிகட்டிய வேரைத் தூரப் போடாதீர்கள், காயவைத்தால் அலமாரிக்கு ஆகும்.

மாமியார் அலமாரியில் எங்கு பார்த்தாலும் பாச்சை உருண்டை. என் மகனுக்கு மூன்று மாதம். அவன் துணியும் போர்வையும் அங்கேதான் இருக்கின்றன. அந்த வாடை நல்லதா, கெட்டதா? அத்தையிடம் எப்படிச் சொல்வது?
– இளம் தாய், நாகர்கோவில்

மக்களே, இதைப் படித்ததும் எழுந்து போய் அவன் துணியை அந்த அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

பாச்சை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். திடப்பொருளாக இருந்து நேராக ஆவியாகித் துணியில் ஏறுகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம், பார்த்தால் வெளியே தெரியாது. நாப்தலீன் ஏறிய துணியும் போர்வையும் பட்டால், அந்த ஆவியைச் சுவாசித்தால், இப்படிப்பட்ட குழந்தையின் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரும். பச்சைக் குழந்தைக்கு அந்தக் காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம். குழந்தையின் கண் மஞ்சளித்தாலோ, உதடு வெளுத்தாலோ, மூத்திரம் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பாச்சை உருண்டை வைத்த துணி என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நாப்தலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் பட்டியலிட்டிருக்கிறது. வெள்ளை மிட்டாய் போல் இருப்பதால் தவழும் பிள்ளை எடுத்து வாயில் போடும் அபாயம் வேறு.

எடுத்த துணியை இரண்டு மூன்று நாள் வெயிலிலும் காற்றிலும் போட்டு, வாடை அறவே போன பிறகு துவைத்து உடுத்துங்கள். குழந்தைத் துணிக்கு மாற்று வாசனையே வேண்டாம். அதற்குப் பதில் கற்பூரம் வைக்கலாமா என்று கடையில் கேட்கிறார்கள், கூடாது. கற்பூரத்தைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் வலிப்பு வரும்.

மாமியாரிடம் நேராகவே சொல்லுங்கள், பேரனுக்கு ஆபத்து என்றால் எந்த அத்தையும் கேட்பார். அவருடைய கவலை பூச்சி. அதற்கு மாற்றுச் சொல்லாமல் உருண்டையை எடுக்கச் சொன்னால்தான் வருத்தம் வரும். அவர் அலமாரிக்கு என்ன வைப்பது என்று கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன், அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அக்கா, ஒரு வீடியோவில் வினிகர், ஆப்ப சோடா, ஆரஞ்சுத் தோல் மூன்றையும் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, அறைக்கு அடிக்கும் ஸ்பிரே செய்கிறார்கள். நுரை பொங்குவதே அதன் சக்தி என்கிறார்கள். நான் செய்து பார்க்கலாமா?
– கல்லூரி மாணவி, தோவாளை

நுரை பொங்குவது அந்த இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்க்கும் வேலை. வினிகர் அமிலம், சோடா காரம். சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும், மிச்சம் சோடியம் அசெட்டேட் கரைந்த தண்ணீர். அதில் வினிகரின் குணமும் இல்லை, சோடாவின் குணமும் இல்லை. மூடியை இறுக்கிக் குலுக்கினால் வாயு பாட்டிலை வெடிக்க வைக்கும். தனித்தனியாக வைத்துக்கொண்டால் இரண்டுமே நல்ல சாமான்கள்.

ஆரஞ்சுத் தோல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் மணத்துக்குக் காரணம் லிமோனின். தோலிலிருந்து வந்தாலும் தொழிற்சாலை டப்பாவிலிருந்து வந்தாலும் அது ஒரே பொருள்தான், காற்றில் ஓசோன் இருந்தால் அதோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்ணிய துகள்களையும் உண்டாக்கும். ஒரு தட்டில் தோலை வைப்பதில் பயம் இல்லை. மூடிய அறையில் எண்ணெயாக எடுத்து நாள் முழுக்க ஆவி பறக்கவிடுவதுதான் வேண்டாம். இயற்கை என்று எழுதியிருப்பதால் அளவு பார்க்காமல் போடலாம் என்று நினைக்காதே. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். வாசனை எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. புல்தைலம், யூகலிப்டஸ் தைலம் போட்டுத் தரை துடைத்தால், தரை காயும் வரை அதை வெளியே விட்டுவிடு.

உன் ஊரில் இருந்துகொண்டு ஸ்பிரே செய்யப் பார்க்கிறாயே, எனக்கு அதுதான் ஆச்சரியம். விடியும் முன்பே பூச்சந்தை கூடும் ஊர். பிச்சிப்பூவைப் பறித்த பிறகும் அது மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மொட்டாக வாங்கி வைத்தால் சாயந்திரம் விரியும்போதுதான் முழு மணமும் வரும். விலை குறையும் நேரத்தில் உதிரி மொட்டாக ஒரு கை வாங்கிக்கொள். அகலமான மண்சட்டியில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்று குவியாமல் பரப்பி, அறையில் காற்று வரும் பக்கம் வை. குவித்தால் அடியில் இருப்பது புழுங்கிப் பழுக்கும். கொஞ்சம் மருக்கொழுந்தையும் சேர்த்தால் அடுத்த நாள் பூ வாடிய பிறகும் அது மணத்துக்கொண்டிருக்கும். சட்டியை இரவு முழுக்க அலமாரிக்குள் வைத்து, காலையில் எடுத்துவிட்டால் துணியில் மெல்லிய மணம் ஏறியிருக்கும். பூ துணியில் நேராகப் படாமல் பார்த்துக்கொள், கறை போகாது.

குளியலறையில் தொங்கவிடும் வாசனைக் கட்டிக்கு மாற்று என்ன?
– வாசகர், தக்கலை

அந்தக் கட்டிகளில் பலவற்றில் பாராடைகுளோரோபென்சீன் இருக்கும். நாப்தலீனைப் போலவே இதுவும் அந்தப் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் உள்ளது. மாற்றுத் தேடும் முன் தரையில் இருக்கும் ஜாலியைப் பாருங்கள். அதன் அடியில் உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும்; அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு மேலே வராமல் தடுக்கிறது. விருந்தாளிகள் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையில் அது வற்றிப்போய்விடும். வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். கடிதங்களில் வரும் பாதிக் குளியலறை நாற்றம் இதோடு நின்றுவிடும். மீதிக்கு, ஒரு தட்டில் சிரட்டைக் கரித் துண்டுகள்.

அப்பாவுக்கு ஆஸ்துமா. செவ்வாய், வெள்ளி அம்மா சாம்பிராணி போடாமல் விடமாட்டார். கப் சாம்பிராணியை விட்டுவிட்டு ஒரிஜினல் சாம்பிராணிக்கு மாறினால் சரியாகுமா?
– வாசகர், கருங்கல்

சாம்பிராணி விற்றுப் பிழைக்கும் வீட்டில் இருந்துதான் இதைச் சொல்கிறேன்: ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டுக்குள் எந்தப் புகையும் வேண்டாம். சுமத்ராவிலிருந்து வரும் நல்ல சாம்பிராணியாக இருக்கட்டும், கோயிலிலும் தேவாலயத்திலும் போடும் குந்திரிக்கமாக இருக்கட்டும், கனலில் இட்டால் கிளம்புவது நுண்துகள் நிறைந்த புகை. சுருங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாய்க்கு அது மரப்பாலா, ரசாயனமா என்று தெரியாது. கனலோடு மூடிய அறையில் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். கப் சாம்பிராணியில் பிடிப்புப் பொருளும் செயற்கை மணமும் கூடுதலாக இருப்பதால் அது இன்னும் மோசம், ஆனால் ஒரிஜினலும் புகைதான். சிலர் பைன் மரப் பிசினைக் கலந்து சாம்பிராணி என்று விற்பதும் உண்டு.

அம்மாவின் மனசும் நோகக்கூடாது அல்லவா? தூபத்தை முற்றத்தில் காட்டட்டும், அப்பா உள்ளே கதவடைத்திருக்க. வீட்டுக்குள் மணத்துக்கு வெட்டிவேர்த் தட்டி. ஜன்னலில் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் காற்று அதில் நுழைந்து குளிர்ச்சியாக வரும், புகை கிடையாது. வாரம் ஒருமுறை வெயிலில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடித்து அதுவே அப்பாவுக்குத் தொந்தரவாகும். அந்த மணமும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

காரில் தொங்கும் வாசனைப் பாட்டில் பிள்ளைகளுக்கு வாந்தி வரவைக்கிறது.
– வாசகர், கொல்லங்கோடு

எடுத்துவிடுங்கள். சிரட்டைக் கரியைத் துணிப்பையில் கட்டி இருக்கைக்கு அடியில் வையுங்கள்; மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்தால் திரும்பப் பயன்படும். வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஏசியை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே ஈரம் காய்ந்து, பூசண வாடை வராது.

அம்மாவின் பட்டுப் புடவைகளும் பாட்டியின் நேரியலும் (மேல்துணி) டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. திறந்தால் பூசண வாடை. பாச்சை உருண்டை வைக்க மனமில்லை. பழைய ஆட்கள் என்ன வைத்தார்கள்?
– வாசகி, திங்கள்சந்தை

தாழம்பூ வைத்தார்கள். ஏ.வி.எம். கால்வாய் ஓரமும் குளக்கரையும் தாழைப் புதராக இருந்த ஊர் நம்முடையது. மடலை நிழலில் காயவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிப் புடவை மடிப்புகளுக்கு நடுவே வைப்பார்கள். இப்போது கிடைப்பது அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் மணத்துக்கு முன்னால் ஈரம். பெட்டி சுவரை ஒட்டித் தரையில் இருந்தால் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணிகளை எடுத்து நிழலில் காற்றாட விரியுங்கள்; பட்டுக்கு நேர் வெயில் ஆகாது. காலிப் பெட்டியை மட்டும் வெயிலில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் கல்லுப்பு வைக்கலாம். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கசியத் தொடங்கும். சமையலறை உப்புப் பரணியில் தினமும் பார்க்கிறீர்களே. புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பே போதும். கசிந்ததும் மாற்ற வேண்டும், கிண்ணம் சாய்ந்து உப்புத் தண்ணீர் ஜரிகையில் படக்கூடாது. அந்தப் பயம் இருந்தால் சிரட்டைக் கரியைப் பழைய பருத்தித் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி மூலைகளில் வையுங்கள். தண்ணீர் வடிகட்டும் கருவிகளில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் பலவற்றைச் சிரட்டையிலிருந்துதான் செய்கிறார்கள். நம் வீட்டுக் கரிக்கு அவ்வளவு வலு இல்லை, ஒரு பெட்டிக்கு இது போதும். புதிதாகச் சுட்ட கரியை ஒரு நாள் முற்றத்தில் முழுதாக ஆறவிட்ட பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும்.

பூச்சிக்குக் கிராம்பும் வசம்பும். மாறாமலை, வெள்ளிமலைப் பக்கத்துக் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரமான மணத்துக்குக் காரணம் யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள். நல்ல கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும்; கசியாவிட்டால் ஏற்கெனவே எண்ணெய் எடுத்த சரக்கு, காசு வீண். ஒரு கரண்டிக் கிராம்பு, இடித்த வசம்பு ஒரு துண்டு, உலர்ந்த வேப்பிலை ஒரு பிடி, மேலே சொன்ன காய்ந்த வெட்டிவேர், எல்லாவற்றையும் துணியில் முடிச்சாகக் கட்டிப் பெட்டியின் நாலு மூலையிலும் போடுங்கள். முடிச்சு பட்டில் நேராகப் படாமல் இருக்கட்டும், கிராம்பு எண்ணெய் கறை விடும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. நாலு மாதத்தில் மணம் குறையும்போது கசக்கிப் பாருங்கள், மணக்கவில்லை என்றால் மாற்றுங்கள்.

இது பூச்சியை அண்டவிடாமல் தடுக்கும். ஏற்கெனவே முட்டையிட்டிருந்தால் கொல்லாது. அதனால் உள்ளே வைக்கும் முன் ஒவ்வொரு மடிப்பையும் விரித்து உதறி, ஓரங்களைப் பார்த்துவிடுங்கள். பாட்டியின் நேரியலைக் கஞ்சி போட்ட நிலையில் வைத்திருந்தால் கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே வையுங்கள். வெள்ளிப்பூச்சிக்குக் கஞ்சிதான் சாப்பாடு. பிளாஸ்டிக் கவரில் பட்டைச் சுற்ற வேண்டாம், பழைய மல் வேட்டி நல்லது. மழைக்கு முன்னும் பின்னுமாக எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் ஒடிந்துவிடும்.